திரும்பி வாராப் பயணம்

செவ்வாய்க் கோளுக்குச் செல்ல ஒரு விண்கலம் ஆயத்தமாகிறது என்று கொள்வோம். அதில் ஏறுவோர் திரும்பி வருதற்கு வழியில்லை. சென்றவர் அங்கேயே வாழ்ந்து அங்கேயே மடிதல் வேண்டும். இவ்வாறு பறையறைந்து அழைத்தால், தாமே முன்வந்து பெயர் கொடுப்பார் உளரோ?

இக்கேள்வி வெறுங் கற்பனையன்று. நெதர்லாந்து நாட்டில் தோன்றிய 'மார்ஸ் ஒன்' என்னும் நிறுவனம் இத்தகைய அழைப்பையே உலகத்தார்க்கு விடுத்தது. விண்ணப்பித்தோர் தொகை பற்றி நிறுவனத்தார் கூறிய கணக்கும் பிறர் கூறிய கணக்கும் ஒத்துவரவில்லை. எனினும் ஆயிரக்கணக்கானோர் பெயர் கொடுத்தனர் என்பதில் ஐயமில்லை. 2015-இல் அவர்களுள் நூறு பேர் தெரிந்தெடுக்கப்பட்டனர். இந்தியரும் அந்நூற்றுவருள் இருந்தனர். 2019-இல் அந்நிறுவனம் திவாலாயிற்று. ஒருவரும் புறப்படவில்லை.

திரும்பி வருதல் ஏன் அரிது என்பதையும் சுருங்கக் கூறிவிடுவோம். நம் நாட்டு மங்கள்யான் 2013 நவம்பர் 5-ஆம் நாள் ஸ்ரீஹரிகோட்டாவினின்று புறப்பட்டு, 2014 செப்டம்பர் 24-ஆம் நாள் செவ்வாயை அடைந்தது. பத்துத் திங்களுக்கு மேலாயிற்று. ஆளில்லாக் கலத்திற்கே இத்துணைக் காலம் ஆயிற்றெனில், மாந்தரையும் அவர்தம் உணவையும் நீரையும் காற்றையும் சுமந்து செல்லுதல் எளிதாகுமோ? அங்கிருந்து மீண்டும் எழும்புதற்குரிய எரிபொருளையும் உடன் கொண்டு செல்ல வேண்டும். அன்றேல் அங்கேயே ஆக்கிக்கொள்ள வேண்டும். இச்சுமையைக் கழித்துவிட்டால் செலவு பெரிதும் குறையும். ஆகவே, 'போனவர் போனவரே' என்னும் திட்டம் பிறந்தது. வீரத்தைக் காட்டிலும் கணக்கே அத்திட்டத்தின் தாய் என்பதை நாம் மறத்தலாகாது.

மக்கள் முன்வருவரா என்னும் வினாவிற்கு விடை காண வானத்தை அண்ணாந்து பார்க்க வேண்டுவதில்லை. நம் இனத்தின் வரலாற்றைப் புரட்டினால் போதும். அவ்வரலாற்றின் ஒரு முக்கியமான பக்கம் நாம் வாழும் இப்புனே நகரத்திலேயே எழுதப்பட்டது என்பது நம்மவர் பலர் அறியாத செய்தி.

ட்ரூரோ என்னும் கப்பல்

1860-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்களில் சென்னைத் துறையினின்று 'ட்ரூரோ' என்னும் கப்பல் புறப்பட்டது. நவம்பர் 16-ஆம் நாள் அது தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியிலுள்ள டர்பன் துறையை அடைந்தது. கரும்புத் தோட்டங்களில் உழைப்பதற்கென அதில் வந்தோர் 342 பேர். நேட்டாலுக்குச் சென்ற ஒப்பந்தக் கூலிகளின் முதற் கப்பல் இதுவே. 1911-ஆம் ஆண்டு வரை இவ்வாறு சென்றோர் தொகை ஒரு இலட்சத்து ஐம்பத்தீராயிரத்திற்கு மேற்பட்டது. அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறை வழியாகச் சென்ற தமிழரும் தெலுங்கருமாவர். மொரீஷியஸ் தீவுக்கு 1834 முதலே கப்பல்கள் சென்றன. பிஜித் தீவுக்குச் சென்னையிலிருந்து 1903 முதல் சென்றன. இலங்கைக்கும் மலாயாவுக்கும் கங்காணிமார் அழைத்துச் சென்றோரின் கணக்கு தனி.

இவர்கள் ஏன் சென்றனர்? வட ஆர்க்காடு, செங்கற்பட்டு, தஞ்சை, திருச்சி மாவட்டங்களில் நிலமற்ற உழவர் பட்ட பாடு ஒரு காரணம். 1876 முதல் 1878 வரை தென்னாட்டைச் சூறையாடிய தாது வருஷப் பஞ்சம் மற்றொரு காரணம். பண்ணையாளின் அடிமை வாழ்வினின்றும் சாதிக் கொடுமையினின்றும் விடுபடலாம் என்னும் ஆசையும் பலரை உந்தியது. வீட்டில் பூசல், கடன் தொல்லை, கைம்பெண் நிலை ஆகியவற்றால் ஊரை விட்டு அகன்றோரும் உண்டு. பசியோடும் நம்பிக்கையோடும் அவர்கள் கப்பல் ஏறினர். எனவே, 'முன்வருவரா?' என்றால், 'முன்வருவர், இலட்சக்கணக்கில் முன்வருவர்' என்றே வரலாறு விடை பகர்கிறது.

ஆனால் அவ்விடை முழு விடையாகுமா? ஆள் சேர்க்கும் தரகர்க்குத் தலைக்கு இவ்வளவு எனக் கூலி இருந்தது. கடலின் அகலமும் தோட்டத்தின் இயல்பும் தண்டனைச் சட்டமும் அவர் வாயினின்று உள்ளபடி வெளிவருதல் அரிது. அதிகாரியின் முன் நிறுத்தி, 'விரும்பித்தான் செல்கிறாயா?' என்று கேட்டனர். 'ஆம்' என்றவுடன் கைநாட்டுப் பெற்றனர். தகப்பன் பெயர், வயது, சாதி, மாவட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் ஆகியன ஏட்டில் பதிவாயின. வடு எங்குள்ளது என்பதையும் குறித்துக்கொண்ட அவ்வேட்டில், அவர் எதை எண்ணிப் புறப்பட்டார் என்பதைக் குறிக்க ஓர் இடமில்லை.

தாளில் இருந்த திரும்பும் வழி

செவ்வாய்ப் பயணத்திற்கும் இதற்கும் ஒரு வேறுபாடு உண்டு. நேட்டால் ஒப்பந்தத்தில் திரும்பும் வழி எழுதப்பட்டே இருந்தது. ஐந்தாண்டுக் காலம் ஒப்பந்தத்தில் உழைத்து, மேலும் ஐந்தாண்டு அந்நாட்டில் கழித்தவர்க்கு இலவசமாகத் திரும்பும் கப்பல் உரிமை உண்டு என்றனர். கூலி முதலாண்டில் திங்களுக்குப் பத்து ஷில்லிங். ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் ஏறி, ஐந்தாம் ஆண்டில் பதினான்கு ஷில்லிங் ஆகும்.

1871-இல் முதன்முதலாகத் திரும்பியவர்கள் சென்னையில் இறங்கித் தம் குறைகளை அதிகாரிகளிடம் முறையிட்டனர். கூலி நிறுத்தி வைக்கப்பட்டதும் அடியுதை பட்டதும் அப்பொழுதுதான் வெளியாயின. அதன் விளைவாக 1872-இல் நேட்டாலில் ஒரு விசாரணைக் குழு அமைந்தது. குடியேறியோரைக் காப்பதற்கென ஓர் அதிகாரியும் நியமிக்கப்பட்டார். 1866-இல் நின்று போயிருந்த ஆள் அனுப்புதல் 1874-இல்தான் மீண்டும் தொடங்கியது. இங்கு நாம் கருத வேண்டுவது ஒன்று: உண்மையை உலகறியச் செய்தவர் சென்றவரல்லர், திரும்பி வந்தவரே. திரும்பும் வழியை அடைத்துவிட்டால், சென்றவர் என்ன ஆனார் என்று சொல்ல ஆளே இராது.

பத்தாண்டு நெடுங்காலம். அதற்குள் மணம் நிகழும், மக்கள் பிறப்பர், ஊரில் பெற்றோர் இறப்பர். கடல் கடந்தவரைச் சாதியார் ஏற்பரோ என்ற அச்சம் வேறு. திரும்பும் கப்பலுக்கு மாற்றாக நிலம் தருவோம் என்று முதலில் கூறிய நேட்டால் அரசாங்கம் மிகச் சிலருக்கே அதனை அளித்து, 1891-இல் அவ்விதியையே நீக்கிவிட்டது. எனவே, திரும்பும் வழி தாளில் இருந்தும், மிகப் பலர் திரும்பவே இல்லை. அவர்கள் அந்த மண்ணில் காய்கறி பயிரிட்டனர், கோயில் எழுப்பினர், தைப்பூசக் காவடி எடுத்தனர்.

அங்ஙனம் தங்கியவரையும் நேட்டால் ஆட்சியார் பொறுக்கவில்லை. 1895-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று, ஒப்பந்தம் முடிந்தவர் மீண்டும் ஒப்பந்தத்தில் சேர வேண்டும், அல்லது இந்தியாவிற்குத் திரும்ப வேண்டும், அல்லது ஆண்டுதோறும் மூன்று பவுன் தலைவரி செலுத்த வேண்டும் என்று விதித்தது. மூன்று பவுன் என்பது அறுபது ஷில்லிங். ஐந்தாம் ஆண்டுக் கூலிக்காரனின் நான்கு மாத ஊதியத்தையும் அது விஞ்சும். பின்னர் பருவமடைந்த பிள்ளைகள் மேலும் அவ்வரி சுமத்தப்பட்டது. கைநாட்டு இட்டவர் தந்தை. ஒப்பந்தம் என்னும் சொல்லையே அறியாது அங்கே பிறந்த பிள்ளை அதற்கு வரி செலுத்த வேண்டும்!

'போ' என்றபொழுது போகவும், 'இரு' என்றபொழுது இருக்கவும், 'வெளியேறு' என்றபொழுது வெளியேறவும் வேண்டுமாயின், அப்பயணத்தைத் தன்விருப்பப் பயணம் என்று எவ்வாறு கூறுவது? நாராயணசாமி என்னும் தமிழ்த் தொண்டர் அறப்போரில் ஈடுபட்டமைக்காக இந்தியாவிற்கு நாடு கடத்தப்பட்டார். அவர் மீண்டும் தென்னாப்பிரிக்கா சென்றபொழுது, கரையிறங்க விடாது துறைக்குத் துறை அலைக்கழித்தனர். 1910 அக்டோபர் 16-ஆம் நாள் டெலகோவா விரிகுடாவில் அவர் உயிர் நீத்தார்.

புனேயில் எழுந்த குரல்

இனி நம் நகரத்திற்கு வருவோம். டெக்கான் ஜிம்கானாப் பகுதியில் இந்திய ஊழியர் சங்கத்தின் வளாகம் உள்ளது. பெர்குஸன் கல்லூரியில் ஆசிரியராயிருந்த கோபால கிருஷ்ண கோகலே 1905 ஜூன் 12-ஆம் நாள் புனேயில் அச்சங்கத்தை நிறுவினார். நம்மவர் பலர் நாள்தோறும் அவ்வழியே செல்கின்றனர். கடல் கடந்த தமிழரின் விலங்கை முறிக்கும் முதற் சம்மட்டி அங்கிருந்த ஒருவரின் கையில் இருந்தது என்பதை நினைப்பவர் சிலரே.

1910 பிப்ரவரி 25-ஆம் நாள் இம்பீரியல் சட்டசபையில் கோகலே ஒரு தீர்மானம் கொணர்ந்தார். நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளைச் சேர்ப்பது தடுக்கப்பட வேண்டும் என்பதே அது. அரசாங்கம் அதனை ஏற்றது. 1911 ஜூலை 1-ஆம் நாள் முதல் நேட்டாலுக்கு ஆள் அனுப்புதல் நின்றது. அத்துடன் அவர் அமையவில்லை. 1912 மார்ச் 4-ஆம் நாள், எந்த நாட்டிற்கும் ஒப்பந்த முறையில் எவரையும் அனுப்பலாகாது என மற்றொரு தீர்மானம் கொணர்ந்தார்.

அவ்வமயம் அரசாங்கத் தரப்பார் கூறிய விடை, இன்று செவ்வாய்ப் பயணத்திற்குச் சிலர் கூறும் விடையை ஒத்திருப்பது வியப்பே. செல்பவர் தம் விருப்பத்தால் செல்கின்றனர். அங்குக் கூலி மிகுதி. ஊரில் பட்டினி கிடப்பதினும் அது நன்று. தடுக்க நாம் யார்? இஃது எளிதில் தள்ளிவிடக்கூடிய வாதமன்று. பட்டினி கிடப்பவனைப் பார்த்து, 'நீ போகாதே' என்று வயிறு நிறைந்தவன் கூறுவது அறமாகுமா? சென்றவருள் நலம்பெற்றோர் இலரா? உளர். ஊரில் தலைமுறை தலைமுறையாக எட்டாத நிலத்தையும் கல்வியையும் கடலுக்கு அப்பால் அடைந்த குடும்பங்கள் பல.

கோகலே இவ்வாதத்தின் வேரையே நோக்கினார். செல்பவர் எங்கே செல்கிறோம் என்பதையும், யாரிடம் உழைக்கப் போகிறோம் என்பதையும் அறியார். முதலாளியைத் தாமாகத் தேர்ந்துகொள்ளும் உரிமை அவர்க்கில்லை. வேலை செய்யத் தவறினால் உரிமையியல் வழக்கன்று, சிறைத் தண்டனையே கிடைக்கும். இவற்றையெல்லாம் அறியாத எளிய மக்களிடம் பெற்ற இசைவை இசைவென்று கொள்ளலாகாது என்பது அவர்தம் வாதத்தின் சாரம். தடுக்கப்பட வேண்டியது பயணமன்று. அறியாமையையும் பசியையும் முதலாக வைத்து நடத்தும் வாணிகமே. அத்தீர்மானம் அரசாங்க உறுப்பினரின் பெரும்பான்மையால் அன்று தோற்றது.

அதே ஆண்டு அக்டோபரில் கோகலே தென்னாப்பிரிக்கா சென்று நம்மவர் நிலையை நேரிற் கண்டார். 1913 நவம்பரில் காந்தியடிகள் நடத்திய பெருநடைப் பயணத்தில் 2,037 ஆடவரும் 127 பெண்டிரும் 57 குழந்தைகளும் டிரான்ஸ்வால் எல்லையைக் கடந்தனர். தலைவரியை நீக்குக என்பது அவர்தம் முதன்மைக் கோரிக்கை. சிறை சென்று நோயுற்று மீண்ட தில்லையாடி வள்ளியம்மை 1914 பிப்ரவரி 22-ஆம் நாள், பதினாறாம் வயதில் மறைந்தாள். அவ்வாண்டிலேயே மூன்று பவுன் வரி ஒழிந்தது. 1915 பிப்ரவரி 19-ஆம் நாள் கோகலே புனேயில் காலமானார். அவர் தொடங்கிய பணியை மதன் மோகன் மாளவியா 1916-இல் சட்டசபையில் மீண்டும் எழுப்ப, அரசாங்கம் இணங்கியது. 1917-இல் ஒப்பந்தக் கூலிக் கப்பல்கள் நின்றன.

வலங்கைமானிலிருந்து வந்தவர்

கோகலேக்குப் பின் இந்திய ஊழியர் சங்கத்தின் தலைமையை ஏற்றவர் ஒரு தமிழர். அவரே வலங்கைமான் சீனிவாச சாஸ்திரியார். கும்பகோணத்தில் கற்று, திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியராய் விளங்கிய அவர், 1907-இல் அப்பணியைத் துறந்து கோகலேயின் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தில் சேர்வோர் தமக்கெனப் பொருள் ஈட்டுவதில்லை என உறுதி பூண வேண்டும். குடும்பமுடைய ஒருவர் முப்பத்தெட்டாம் வயதளவில் இம்முடிவைச் செய்வது எளிதன்று. ஆனால் அவர் எதனை விடுகிறோம், எதனை ஏற்கிறோம் என்பதை அறிந்து செய்தார்.

1927-இல் அவரே இந்திய அரசாங்கத்தின் முதல் ஏஜெண்டாகத் தென்னாப்பிரிக்கா சென்றார். அவ்வாண்டில் உருவான கேப் டவுன் உடன்பாட்டின்படி, தாயகம் திரும்ப இசையும் இந்தியர்க்குத் தலைக்கு இருபது பவுனும் கப்பற் செலவும் அளிக்கப்பட்டன. இப்பொழுதாவது திரும்பும் வழி திறந்ததன்றோ? திறந்தது, ஆனால் திரும்பியவர்க்கு ஊர் இல்லை. பலர் அங்கேயே பிறந்தவர். தமிழ் மண்ணைக் கண்டறியாதவர். கொண்டுவந்த பணம் சில திங்களில் கரைந்தது. வேலையும் இல்லை, உறவும் இல்லை. பவானி தயாள் சந்நியாசியும் பனாரசிதாஸ் சதுர்வேதியும் 1931-இல் வெளியிட்ட அறிக்கை இத்துயரங்களை எடுத்துரைத்தது. கல்கத்தாவின் மட்டியாபுர்ஜ் பகுதியிலோ, பிஜி முதலிய தீவுகளிலிருந்து திரும்பியோர், மீண்டும் அத்தீவுகளுக்கே அழைத்துச் செல்லும் கப்பலுக்காகக் காத்துக் கிடந்தனர்.

சாஸ்திரியார் இந்நிலையின் உட்பொருளை உணர்ந்தவர். தங்கிவிட்டவர்க்கு அம்மண்ணிலேயே கல்வியும் மதிப்பும் கிட்ட வேண்டும் என்று பாடுபட்டார். அவர் முயற்சியாலும் அங்குள்ள நம்மவர் அளித்த பொருளாலும் டர்பனில் எழுந்த சாஸ்திரி கல்லூரி 1929-இல் திறக்கப்பட்டது. திரும்ப இயலாதவர்க்குச் செய்யத்தக்க கைம்மாறு அதுவே என்பது அவர் கருத்தாயிருத்தல் வேண்டும்.

மூன்று உரைகற்கள்

இவ்வரலாற்றை மனத்திற் கொண்டு செவ்வாய்ப் பயணத்தை நோக்கின், மூன்று உரைகற்கள் நமக்குக் கிடைக்கின்றன.

முதலாவது, அறிவு. விண்வெளிக்கு முதன்முதலில் அனுப்பப்பட்ட உயிர்களுள் ஒன்றாகிய லைக்கா என்னும் நாய், 1957 நவம்பர் 3-ஆம் நாள் திரும்பும் வழியே அமைக்கப்படாத கலத்தில் ஏற்றப்பட்டது. அதனைக் கேட்டவர் இல்லை, கேட்கவும் இயலாது. மனிதனைக் கேட்கலாம். ஆனால் உள்ளதை உள்ளபடி கூறிக் கேட்டால்தான் அது கேட்டதாகும்.

இரண்டாவது, வேறு வழி உண்டா என்பது. உண்ணவும் உடுக்கவும் உள்ள ஒரு விஞ்ஞானி, ஆராய்ச்சி வேட்கையால் 'செல்கிறேன்' என்பது ஒன்று. ஊரில் வாழ வழியற்றவன் 'செல்கிறேன்' என்பது மற்றொன்று. இருவர் வாயிலும் சொல் ஒன்றே, பொருள் வேறு.

மூன்றாவதும் கடினமானதும், பிறக்கப்போகும் குழந்தை. செவ்வாயின் ஈர்ப்பு பூமியின் ஈர்ப்பில் நூற்றுக்கு முப்பத்தெட்டுப் பங்கே. அங்கே பிறந்து வளரும் பிள்ளையின் உடல் பூமியின் ஈர்ப்பைத் தாங்குமோ என்பது விடையறியாக் கேள்வி. தன் உயிரை ஒருவன் தானே பணயம் வைக்கலாம். தன் வழித்தோன்றல்களின் பெயரால் கைநாட்டு இட அவனுக்கு உரிமை உண்டா? மூன்று பவுன் வரி கட்டிய நேட்டால் பிள்ளைகள் இக்கேள்வியை நமக்காக முன்னரே கேட்டுவிட்டனர்.

இம்மூன்றிலும் தேறுவோர் சிலர் இருப்பின், அவர்தம் பயணத்தைத் தடுக்க நாம் துணியோம். அவர்களை வாழ்த்தி அனுப்புவோம். தேறாதவரை அனுப்புவோர் எவராயினும், அவர் நேட்டால் தோட்டக்காரரின் வழிவந்தவரே.

நமக்கு உரியது

நிறைவாக, நம் குடியிருப்புகளின் குடும்பங்களுக்கு ஒரு சொல். இராணுவக் கணக்கு அலுவலகங்களையும் கிர்க்கீ வெடிமருந்து ஆலையையும் பிம்பிரித் தொழிற்கூடங்களையும் நாடி இந்நகர்க்கு வந்த நம் முன்னோர் எந்த ஒப்பந்தத்திலும் கைநாட்டு இடவில்லை. 'சில ஆண்டுகள் உழைப்போம், ஓய்வு பெற்றபின் ஊர் திரும்புவோம்' என்றே வந்தனர். கோடை விடுமுறைதோறும் இரயிலேறிச் சென்றும் வந்தனர். பலர் திரும்பினர், பலர் இங்கேயே நிலைத்தனர். அவர்தம் பேரப்பிள்ளைகள் மராத்தியில் விளையாடித் தமிழில் பசி கூறுகின்றனர். இதில் வருந்துதற்கு ஒன்றுமில்லை. புனே ஜாகீருக்குரிய ஷாஹாஜியின் மகன் ஏகோஜி பதினேழாம் நூற்றாண்டில் தஞ்சையைக் கைக்கொண்டபின், அவர் வழியினரும் உடன் வந்தோரும் அங்கேயே நிலைத்து அம்மண்ணுக்கு அணி செய்தனரன்றோ? நம் நிலைக்கும் நேட்டால் நிலைக்கும் உள்ள வேறுபாடு ஒன்றே: எந்நாளும் திரும்பலாம் என்னும் வழி நமக்குத் திறந்துள்ளது. திறந்திருப்பதாலேயே இங்கு மகிழ்ந்து தங்குகிறோம்.

நேட்டாலுக்குச் சென்றோரின் வழித்தோன்றல்கள் இன்று பழைய கப்பற் பட்டியல்களைத் தேடி, பாட்டனாரின் ஊர்ப்பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, வட ஆர்க்காட்டிலும் தஞ்சையிலும் அவ்வூர்களை நாடி வருகின்றனர். வேற்றாட்சியார் தம் கணக்கிற்காக எழுதிய ஏடே அவர்க்குக் குல வரலாறாயிற்று. நம் பிள்ளைகளுக்கு அந்நிலை வாராமல் காப்பது நம் கையில் உள்ளது. ஒவ்வொரு குடும்பமும் தன் சொந்த ஊர், வந்த ஆண்டு, வந்த காரணம், முதலில் தங்கிய இடம் ஆகியவற்றை மூத்தோர் உள்ளபோதே கேட்டு எழுதிவைத்தல் வேண்டும். நம் சங்கம் அதற்கென ஒரு பதிவேடு தொடங்குமாயின், அஃது இவ்வாண்டு விழாவின் நற்பயனாகும். நம் பேரர்களுள் ஒருவர் நாளை செவ்வாய்க்கே பெயர் கொடுக்கக்கூடும். எங்கிருந்து புறப்படுகிறோம் என்பதை அறிந்து அவர் பெயர் கொடுக்கட்டும்.